பூட்டிய வீட்டின் கரண்ட்

அந்தக் கட்டடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. எல்லோருக்கும் அவர் பிளக்காரர். பட்டம் கட்டியது மச்சான், மனைவியின் தம்பி. ஓர் அச்சகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். ஒருநாள் அக்கா வீட்டுக்கு வந்தவன், மாமா சாப்பாட்டு மேசை முழுக்கப் பிளக்குகளைப் பிரித்துப் பரப்பி, ஒவ்வொன்றின் பித்தளைக் காலையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். "கைக்குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரியில்ல இருக்கு!" என்று சிரித்தான். போகிற போக்கில் கீழே வாட்ச்மேனிடம், "எங்க பிளக்காரர் மாமாவைப் பத்திரமா பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாளே அந்தப் பெயர் மாடி மாடியாக ஏறிவிட்டது.

பிளக்காரருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வில்லையின் ஓரத்தைச் சக்கரத்தில் தேய்த்துச் சட்டத்துக்குள் சரியாக உட்கார வைக்க வேண்டும். மயிரிழை கூடினால் வில்லை விரிசல் விடும். குறைந்தால் கழன்று விழும். கடையை மதியம் அடைத்துவிட்டு மாலையில்தான் திறப்பார்கள். அந்த இடைவெளியில்தான் அவர் உயிரோடு இருந்தார் என்று சொல்ல வேண்டும். மனைவி ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். வீட்டில் ஆள் அரவம் இருக்காது. கூடத்தின் நடுவே ஒற்றை நாற்காலியைப் போட்டு, திரையை இழுத்துவிட்டு, இரண்டு மர ஸ்பீக்கர்களுக்கு எதிரே கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார்.

பாட்டைவிட அவருக்குப் பாட்டுக்குப் பின்னால் இருக்கிற அமைதிதான் முக்கியம். ஒரு ரெக்கார்டில் வயலின் நின்று பாடகி மூச்சு வாங்குகிற நொடியில், இரைச்சல் எதுவும் இருக்கக் கூடாது. கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது போல இருட்டாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் பவர் கண்டிஷனர் என்ற இரும்புப் பெட்டியை வாங்கியிருந்தார். "தண்ணிக்கு ஃபில்டர் வைக்கிறோம்ல? அது மாதிரி கரண்டுக்கு இது. பக்கத்து வீட்டு மிக்ஸி, மோட்டார் எல்லாம் லைன்ல அழுக்கைக் கலந்துவிடும். இது வடிகட்டிக் கொடுக்கும்" என்று மனைவிக்கு விளக்கினார்.

"அழுக்கு போச்சுன்னா சரி" என்றாள் அவள்.

ஒவ்வொரு முறை ஏதாவது மாற்றியதும் அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைப்பார். ஒரு பிளக்கைக் கழற்றி வெள்ளி முலாம் பூசியதை மாட்டுவார், அதே பாட்டை மறுபடி வைப்பார். "வித்தியாசம் தெரியுதா?"

அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பாள். "நல்லா இருக்கு."

"முன்னாடி?"

"அதுவும் நல்லா இருந்துது."

அவருக்குச் சப்பென்று போய்விடும். பாவம், அவளுக்கு இதிலெல்லாம் நாட்டம் இல்லை என்று எண்ணிக்கொள்வார்.

மேல் வீட்டில் எக்ஸ்சேஞ்ச் அக்கா இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். தன் தம்பியோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி, அந்த ஆண்டு மழைக்கு முன்னால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். கட்டடமே கூடி வழியனுப்பியது. டீயும் பிஸ்கட்டும் வைத்து, ஆளுக்கொரு வார்த்தை பேசி, ஒரு தோள்பையைப் பரிசாகக் கொடுத்தார்கள். பிளக்காரரின் மனைவி ஒரு கம்பளிச் சால்வை போர்த்திவிட்டாள். பிளக்காரர்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டாக்ஸியில் வைத்தார். அக்கா ஜன்னலிலிருந்து கையாட்டிக்கொண்டே போனாள். நாலு பேர் கண் துடைத்தார்கள்.

"மேல ஆள் இல்லாததும் ஒரு வகையில நல்லதுதான். ஒரே லைன் நமக்கும் அவங்களுக்கும்" என்றார் பிளக்காரர், படி ஏறும்போதே. மனைவி அவரை முறைத்தாள்.

மழை ஓய்ந்த பிறகுதான் அவர் அந்தப் பவர் கண்டிஷனர் பெட்டியைத் திறந்தார். உள்ளே பார்த்தால் ஏமாற்றம். வெளியே அத்தனை பளபளப்பு, உள்ளே தலைமுடி மாதிரி ஒயர். கரண்ட் போகிற வழியில் குறுக்கே ஒரு தடித்த செப்புக் கம்பிச் சுருள், காயில். இதுதான் பாட்டின் குரல்வளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. காயிலைக் கழற்றினார். சுத்தமான செப்பில் விரல் தடிமன் ஒயர் போட்டார். எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு தெரியத் தேய்த்தார். சாக்கெட்டுகளை மாற்றி, சால்டரிங் வைத்து, பெட்டி அதிராமல் இருக்கத் தார்ஷீட் ஒட்டி, அடியில் மரக்கட்டைக் கால்கள் வைத்தார். ஸ்பீக்கர் ஒயரின் முனைகளையும் விடவில்லை. வில்லை தேய்க்கிற விரல்கள்; வேலையில் பிசிறே இல்லை.

அன்று மதியம் ரெக்கார்டை வைத்தபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாடகி வாய் திறக்கும் முன் உதடு பிரிகிற சத்தம் கேட்டது. அவளுக்குப் பின்னால் யாரோ நாற்காலியில் அசைவதுகூட ரெக்கார்டில் கேட்டது. அறையே பெரிதாகிவிட்டது. அந்த இருட்டான அமைதி கடைசியில் வந்தேவிட்டது.

அதற்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டிக்.

கண்ணைத் திறந்தார். ரெக்கார்டில் கீறல் இருக்கும். பாட்டு ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, அதே போல, மெல்ல, நகத்தால் கண்ணாடியைத் தொட்டது போல. டிக். வேறு ரெக்கார்டை வைத்தார். அதிலும் வந்தது. ஊசியைத் தூக்கிவிட்டு ஆம்ப்ளிஃபையரை மட்டும் ஓடவிட்டார். ஒருமுறை வந்தது. பிறகு வரவில்லை.

சால்டரிங் சரியாகப் பிடிக்கவில்லை போல என்று எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்தார். பிளக்குகளைத் தேய்த்தார். ஒயரை மாற்றினார். தலைகீழாக நின்று பார்த்தும் டிக் போகவில்லை. கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்து கவனித்ததில் ஒரு விஷயம் புரிந்தது. பாட்டு ஆரம்பித்துச் சற்று நேரம் கழித்துத்தான் டிக் ஆரம்பிக்கிறது. பாட்டை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறது. உடனே அல்ல. இனிமேல் பாட்டு வராது என்று தெரிந்துகொள்கிற அளவு நேரம் கழித்து.

மச்சானை வரவழைத்தார். லீவு நாளில் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தவன் சலித்துக்கொண்டேதான் கேட்டான். கேட்டதும் நிமிர்ந்தான்.

"இது உங்க பெட்டி இல்ல மாமா. ஏதோ தெர்மோஸ்டாட். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் மாதிரி ஏதோ சூடாகி ஆஃப் ஆகுது, ஆறினா ஆன் ஆகுது. அந்தக் காயில் இருந்த வரைக்கும் அதைத் தடுத்துக்கிட்டு இருந்துது. நீங்கதான் கழட்டி எறிஞ்சிட்டீங்களே. இப்ப லைன்ல நடக்கிறது எல்லாம் வீட்டுக்குள்ள வருது."

"யார் லைன்ல?"

"உங்க லைன்ல வேற யார் இருக்கா?"

இருவரும் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

மாடிப்படிக்கு அடியில் மீட்டர் போர்டு இருந்தது. பழைய காலத்து மீட்டர்கள். கண்ணாடிக்குள் வட்டத்தகடு சுற்றும். மச்சான் கையில் போனோடு கீழே போய் நின்றான். பிளக்காரர் கூடத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"மேல் வீட்டு மீட்டர் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு மாமா. தூசிதான் படிஞ்சிருக்கு. பாட்டைப் போடுங்க."

ஊசியை இறக்கினார். பாடகி ஆரம்பித்தாள். போனில் மச்சானின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மூச்சும் கேட்கவில்லை.

"என்னடா?"

"சுத்துது மாமா."

பாட்டை நிறுத்தச் சொன்னான். நிறுத்தினார். காத்திருந்தார்கள். "நின்னுடுச்சு" என்றான் மச்சான், குரலைத் தாழ்த்தி, யாருக்கோ கேட்டுவிடப் போகிறது என்பது போல.

மேலே வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. "ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணாமப் போயிருப்பாங்க" என்றான்.

"ஃபிரிட்ஜுக்கு என் பாட்டு தெரியுமா?"

"அந்தக் காயிலை மறுபடி மாட்டிருங்க மாமா. கேட்காது. கேட்காட்டி பிரச்சினையே இல்ல." செருப்பைச் சரியாக மாட்டாமலே படி இறங்கினான். வாசலில் திரும்பி, "எங்க அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அதுக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை" என்றான். அந்தப் பேச்சை அப்போது அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் மதியம் ரெக்கார்டை ஓடவிட்டுவிட்டு, செருப்பில்லாமல் மேல் மாடிக்கு ஏறினார். நல்ல வெயில். படிக்கட்டு ஜன்னல் வழியே வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்ச் அக்காவின் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டின் மேல் தூசி. கதவடியில் விளம்பரக் காகிதங்கள் செருகியபடி அப்படியே கிடந்தன. யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

மரத்தில் காதை வைத்தார்.

தன் வீட்டுப் பாட்டு, தரை வழியாக ஏறி, இந்த வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. எதிர்பார்த்ததுதான். ஆனால் அதன் மேல் இன்னொரு குரல் இருந்தது. பாடகி ஒரு வரியை முடித்த பிறகு, ஒரு நிழல் மாதிரி கொஞ்சம் பிந்தி, அதே வரியை யாரோ வாய் திறக்காமல் முனகினார்கள். ரெக்கார்டின் அந்தப் பக்கம் முடிந்து பாட்டு நின்றது. முனகல் மட்டும் அடுத்த வரியைச் சொந்தமாகத் தொடர்ந்தது.

எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. கடைக்குப் போய் ஒரு வில்லையை உடைத்தார். அந்தக் கடையில் அவர் கைப்பட உடைந்த வில்லை அது ஒன்றுதான்.

அதன் பிறகு கூடத்தில் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, மதியங்களில் சும்மா உட்கார்ந்திருந்தார். மனைவி, "என்ன, மிஷின் ரிப்பேரா?" என்று கேட்டாள். "ஆமா" என்றார். வீடு அமைதியாக இருந்தது. ஆசைப்பட்டுத் தேடிய அமைதிதான். இப்போது அதில் உட்கார முடியவில்லை. யாரோ அவரையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது போல இருந்தது.

அப்படிப்பட்ட ஒரு மதியத்தில்தான், நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பலமாக அல்ல. டாக்டர் அறைக் கதவைத் தட்டுகிற மாதிரி, விரல் முட்டியால், தயங்கித் தயங்கி. நிறுத்திவிட்டு, பதில் வருமா என்று காத்திருந்து, மறுபடி.

ஓடிவிடலாம் என்றுதான் எழுந்தார். ஆனால் அந்தத் தட்டலில் மிரட்டல் இல்லை; கெஞ்சல் இருந்தது. ஆவி எங்காவது கெஞ்சுமா? பிளக்கை மாட்டி, ரெக்கார்டை வைத்தார். தட்டல் நின்றது. சற்றுப் பொறுத்து ஸ்பீக்கரிலிருந்து வந்தது: டிக்.

கட்டடத்தின் பின்பக்கம் குப்பை எடுப்பவர்களுக்காக ஓர் இரும்புப் படி உண்டு. எல்லாச் சமையலறைக் கதவுகளும் அதில்தான் திறக்கும். பிளக்காரர் அதில் ஏறினார். மேல் வீட்டுச் சமையலறைக் கதவருகே போய்த் தட்டக் கையை ஓங்கியதும் கதவு தானாகத் திறந்தது.

எக்ஸ்சேஞ்ச் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவர் மனைவி போர்த்திய அதே சால்வை. காலில் தடித்த கம்பளிச் சாக்ஸ், ஒன்றின் மேல் ஒன்றாக. முகம் வெயில் படாத செடி மாதிரி வெளுத்திருந்தது.

"உள்ள வாங்க. சத்தம் போடாம வாங்க" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. பேசி வெகு நாளாகியிருக்க வேண்டும்.

ஜன்னல்களில் பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. கூடத்தில் ஒரு சாமானும் இல்லை. தரையில் ஒரு பாய். அதன் மேல் முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கிற ஹீட்டிங் பேடு, ஒயர் சுவருக்கு ஓடியது. ஒரு தலையணை. தலையணை கிடந்த இடம், கீழே அவருடைய நாற்காலிக்கு நேர் மேலே. தான் தினமும் கண்மூடி உட்கார்ந்திருந்தபோது, தலைக்கு மேலே ஒரு தலை, நடுவில் ஒரு காங்கிரீட் தளம் மட்டும் என்று நினைத்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். டிக்கெட்டும் கையில இருக்கு. அப்பத்தான் தம்பி போன் பண்ணான். அவன் வீட்டுல ஒத்துக்கலையாம். இப்ப வேணாம், அப்புறம் பார்க்கலாம்னான்." அக்கா பாயில் உட்கார்ந்து சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எப்படித் திரும்பி வர்றது, சொல்லுங்க? இத்தனை பேர் நின்னு கையாட்டினீங்க. பை வேற வாங்கிக் கொடுத்தீங்க. வாட்ச்மேன் அழுதான். அவன் முன்னாடி மறுபடி பெட்டியோட எப்படி வந்து நிப்பேன்? பின்னாடி வழியா வந்துட்டேன். ஒரு வாரம் இருந்துட்டு எங்கயாவது போகலாம்னு நினைச்சேன். நாள் போயிடுச்சு."

"சாப்பாடு?"

"வாட்ச்மேன் சாப்பிடப் போற நேரத்துல இறங்கி, ரெண்டு தெரு தள்ளி வாங்கிக்குவேன். லைட் போடறதில்ல. மத்தியானம் உங்க பாட்டு. அது இல்லாம இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும். ஒரு வாரமா நிறுத்திட்டீங்க. பொறுத்துப் பார்த்தேன், முடியல. தட்டினேன். மன்னிச்சிடுங்க."

அவர் ஹீட்டிங் பேடைப் பார்த்தார்: பாட்டு கேட்கப் படுக்கும்போது மட்டும் அதைப் போடுகிறாள், டிக் அதன் தெர்மோஸ்டாட்.

"மழைக்கு அப்புறம் என்னமோ மாத்தினீங்கல்ல?" என்றாள் அக்கா திடீரென்று. "பாடுற அந்தம்மா மூச்சு வாங்குறது அதுவரைக்கும் எனக்குக் கேட்டதில்ல. அன்னிக்குத்தான் கேட்டுது. காங்கிரீட்ல காதை வச்சுக்கிட்டு அழுதேன்."

எத்தனையோ வருடங்களாக, எத்தனையோ பேரை அந்த நாற்காலியில் உட்கார வைத்து அவர் கேட்க ஏங்கிய வார்த்தை. இப்படி ஓர் இடத்திலிருந்து வரும் என்று நினைக்கவில்லை. சந்தோஷப்படவும் முடியவில்லை.

கிளம்பும்போது அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டம்மா இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

"அவளுக்கென்ன?"

அக்காவின் முகம் மாறியது. "அவங்க லீவு நாள்ல, நீங்க கடைக்குப் போனப்புறம், போன்ல பேசி அழுவாங்க. ஒருநாள் இல்ல, பல நாள்."

"எதுக்கு அழுதா? என்ன பேசினா?"

"லைன்ல கேட்டதை வெளிய சொல்ற பழக்கம் எனக்கு என்னைக்கும் கிடையாது. நீங்களே கேளுங்க."

அன்று கடைக்குப் போகவில்லை. மனைவி வந்து பையை வைத்ததும் கேட்டார். அவள் முதலில் மழுப்பினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள், அந்த ஒற்றை நாற்காலியில்.

"வலது காது போயிடுச்சு. இடதும் குறையுதுன்னு டாக்டர் சொல்றாரு. ரெண்டு வருஷமாச்சு. தம்பிக்கு மட்டும்தான் தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பிளக்கைக் கையில வச்சுக்கிட்டு என் முகத்தைப் பார்த்து, வித்தியாசம் தெரியுதான்னு கேட்கும்போது எப்படிச் சொல்றது?"

பிளக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மின்சாரத்தில் ஒரு மயிரிழை அழுக்கைக் கண்டுபிடித்த காதுகள் அவை. ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், இது மட்டும் கேட்கவில்லை. அவள் அவர் தலைமேல் கையை வைத்தாள். "சத்தமா வச்சா கேட்கும்" என்றாள், சமாதானம் சொல்வது போல.

மேல் வீட்டு விஷயத்தையும் அன்றே அவளிடம் சொன்னார். அவள் கொஞ்சமும் பயப்படவில்லை, கோபப்பட்டாள். "திரும்பி வர்றதுக்கு ஒரு மனுஷி இவ்வளவு வெட்கப்படணுமா?" என்று சொல்லி, மறுநாளே ஏற்பாட்டில் இறங்கினாள். வாட்ச்மேன் சாப்பிடப் போன நேரத்தில், பிளக்காரர் அக்காவின் பெட்டியை இரும்புப் படி வழியாக இறக்கினார். பின்தெருவில் மச்சான் டாக்ஸியோடு நின்றான். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, ஹார்ன் அடித்தபடி, முன்வாசலில் வந்து இறங்கினாள் எக்ஸ்சேஞ்ச் அக்கா, தோளில் அந்தப் பரிசுப் பையோடு.

"அட, வந்துட்டீங்களா!" என்று வாட்ச்மேன் ஓடி வந்தான். "என்ன இப்படி வெளுத்துட்டீங்க? அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலையா?"

"ஒத்துக்கல" என்றாள் அக்கா. தூசி படிந்த பூட்டை எல்லோர் முன்னிலையிலும் திறந்தாள். ஜன்னல்களில் பேப்பர் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பூட்டிவிட்டுப் போகிறவர்கள் ஒட்டுவதுதானே.

காயிலை அவர் திரும்ப மாட்டவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வந்தது, அவருக்கு வலது பக்கமாக, அவளுடைய இடது காது அவரிடம் இருக்கும்படி. மனைவி சில சமயம் எழுந்து போய் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வாள். அக்காவையும் ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். மரியாதையாகக் கடைசி வரை கேட்டுவிட்டு, "மேலயிருந்து கேட்கிறதுதான் எனக்குப் பழக்கமாயிடுச்சு" என்று எழுந்து போய்விட்டாள்.

மாடிப்படியில் யாராவது விசாரித்தால் அக்கா தம்பி வீட்டைப் பற்றிச் சொல்வாள். அவன் வீட்டு கேட் திறக்கும்போது முதலில் முனகி அப்புறம் கிறீச்சிடும் என்பாள். கூடத்தில் ஒரு கடிகாரம், அது எப்போதும் கொஞ்சம் முந்தி அடிக்கும். மாடியில் யாரோ ஒரு பெண் டைப் அடித்துக்கொண்டே இருப்பாள். ஒவ்வொரு முறையும் வீடு இன்னும் கொஞ்சம் விரியும். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வீட்டில் தாங்களே தங்கி வந்தது போல இருக்கும். உண்மை தெரிந்த பிளக்காரருக்கே சில சமயம் சந்தேகம் வந்துவிடும்.

ஒருநாள் தனியாக இருந்தபோது கேட்டார். "அந்த வீட்டுக்கு எப்பவாவது போயிருக்கீங்களா, அக்கா?"

"அவன் அந்த வீட்டுக்குக் குடி போனதுல இருந்து கூப்பிட்டது அந்த ஒரே தடவைதான்."

"அப்ப அந்தக் கேட்டு, கடிகாரம் எல்லாம்?"

"போன்ல அவன் பேசும்போது பின்னாடி கேட்கும்" என்றாள் அக்கா. "அவன் பேசுறது எப்பவும் ஒண்ணுதான், அப்புறம் பார்க்கலாம்னு. அதனால நான் பின்னாடிதான் கேட்பேன்."